பிரஜையின் உடலும் சர்க்காரின் பேரேடும்

நாட்டிலுள்ள ஒவ்வொருவரும், குற்றம் செய்தவராயினும் செய்யாதவராயினும், தமது உமிழ்நீரிலோ ரத்தத்திலோ ஒரு துளியைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அத்துளியிலிருந்து எடுக்கும் மரபணுக் குறிப்பைச் சர்க்கார் பேரேட்டில் பதிந்து வைத்துக்கொள்ளும். எங்கேனும் ஒரு குற்றம் நிகழ்ந்தால் அவ்விடத்தில் கிடைக்கும் ரத்தக் கறையையோ உரோமத்தையோ அப்பேரேட்டோடு ஒத்திட்டு ஆளைப் பிடித்துவிடும். இது கதாசிரியர் எவருடைய கற்பனையுமன்று. 2015-ஆம் வருஷத்தில் குவெய்த் தேசத்தில் இது சட்டமாகவே செய்யப்பட்டது. பிழைப்பு நாடி அங்கே சென்றிருக்கும் நம் தமிழ் மக்களையும் அச்சட்டம் விட்டு வைக்கவில்லை. ஆகவே இவ்விஷயத்தை எங்கோ பாலைவனத்தில் நடந்த விநோதம் என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது.

நடந்தது இது. 2015 ஜூன் 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ரம்ஜான் மாதத்தில், குவெய்த் நகரத்து இமாம் சாதிக் மசூதியில் தொழுகை நடந்துகொண்டிருக்கையில் ஒரு பாதகன் தன் உடலில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு புகுந்தான். 27 பேர் மாண்டனர். 200-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தேசமே துக்கத்திலும் கோபத்திலும் ஆழ்ந்திருந்த அத்தருணத்தில், சில தினங்களுக்குள்ளாகவே, மரபணுச் சட்டம் அந்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியது. குடிகள், குடியேறி வசிப்போர், வந்து போகும் விருந்தினர் யாவரும் மரபணு மாதிரி தர வேண்டும். தக்க காரணமின்றி மறுப்போருக்கு ஒரு வருஷம் வரை சிறை, பதினாயிரம் தினார் வரை அபராதம். பொய்யான மாதிரி தருவோருக்கு ஏழு வருஷம் வரை சிறை.

இனி இதையும் கவனியுங்கள். அக்குண்டை வைத்தவன் அந்நாட்டுக் குடிமகன் அல்லன். அன்று விடியற்காலையில்தான் விமானத்தில் வந்து இறங்கியவன். இறந்து கிடந்த அவனை இன்னானென்று கண்டுபிடிக்கச் சர்க்காருக்கு இரண்டு தினங்கள் போதுமாயிருந்தன. தேசத்தின் ஜனங்கள் அனைவருடைய மரபணுவும் பேரேட்டில் இருந்திருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை அவ்விருபத்தேழு உயிர்களில் ஒன்றுகூடத் தப்பியிராது. சாகத் துணிந்து வருகிறவனைப் பேரேடு எப்படித் தடுக்கும்? துக்க வேளையில் சர்க்கார்கள் கேட்கும் அதிகாரம் பெரும்பாலும் அந்தத் துக்கத்துக்கு மருந்தாவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

ஆயினும் எதிர்த்தரப்பு வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. வக்கீல் தொழில் கற்றவன் எதிரியின் கட்சியை அவனைவிட நன்றாக எடுத்துரைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் மாகாணத்தில் நடந்த வழக்கு. 1983-லும் 1986-லும் அங்கே அடுத்தடுத்த கிராமங்களில் பதினைந்து வயதுச் சிறுமிகள் இருவர் கற்பழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். பதினேழு வயது வாலிபன் ஒருவன் போலீஸாரிடம் ஒரு கொலையை ஒப்புக்கொண்டான். லெஸ்டர் சர்வகலாசாலையில் 1984-ஆம் வருஷம் மரபணு அடையாளத்தைக் கண்டறிந்த அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி பரிசோதித்துப் பார்த்ததில், இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்றும், அவன் இந்த வாலிபன் அல்லன் என்றும் ருஜுவாயிற்று. பிறகு சுற்றுப்புறத்து ஆடவர் சுமார் ஐயாயிரம் பேர் தாமே முன்வந்து மாதிரி கொடுத்தனர். கொலைகாரனோ தன்னோடு வேலை செய்பவனைத் தன் பெயரில் அனுப்பித் தப்பினான். அந்த ஆள் சாராயக் கடையில் வாய் தவறி உளறியதால் விஷயம் வெளியாகி, 1988-ல் குற்றவாளி ஆயுள் தண்டனை அடைந்தான்.

"பார்த்தீர்களா! கட்டாயப் பேரேடு அப்பொழுதே இருந்திருந்தால் 1983-லேயே அவன் அகப்பட்டிருப்பான், இரண்டாவது பெண் பிழைத்திருப்பாள்" என்கிறார்கள். வாஸ்தவம். இதை நாம் மறுக்கவில்லை. பொய்யாக ஒப்புக்கொண்ட ஒரு நிரபராதியைத் தூக்கி விட்டதும் இந்தச் சாஸ்திரமே என்பதையும் மறவோம். இச்சாஸ்திரத்துக்கு நாம் பகைவரல்லோம். குற்றத் தலத்தில் கிடைத்ததைச் சந்தேகத்துக்கு உரியவனுடைய மரபணுவோடு ஒத்திடுவது வேறு. தேச முழுவதையும் சந்தேகக் கூண்டில் ஏற்றி வைப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே எதிர்க்கட்சியாரின் சாமர்த்தியம்.

"மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்" என்பது அவர்களுடைய இரண்டாவது வாதம். குற்றமற்றவன் எதற்கு அஞ்ச வேண்டும் என்று கேட்கிறார்கள். இதற்கு விடையாக ஜெர்மனியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்வோம்.

2007-ஆம் வருஷம் ஏப்ரலில் ஹைல்பிரான் என்ற ஊரில் இளம் போலீஸ் பெண்மணி ஒருத்தி சுட்டுக் கொல்லப்பட்டாள். அவளிருந்த காரில் அடையாளமறியாத ஒரு பெண்ணின் மரபணு கிடைத்தது. தேடிப் பார்த்தால் ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா ஆகிய தேசங்களில் சுமார் நாற்பது குற்றத் தலங்களில் அதே பெண்ணின் அடையாளம்! கொலை, களவு, எதிலும் அவளே. போலீஸார் இரண்டு வருஷம் அந்த மாயப் பிசாசைத் தேடி அலைந்தனர். 2009-ல் உண்மை வெளியாயிற்று. தடயம் எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் கட்டிய ஒரு தொழிலாளிப் பெண்ணின் மரபணு அக்குச்சிகளிலேயே ஒட்டியிருந்தது. கிருமி நீக்கப்பட்ட குச்சிகள்தாம். ஆனால் மரபணு நீக்கப்பட்டவையல்ல.

அந்த ஏழைத் தொழிலாளியின் மரபணு கட்டாயப் பேரேட்டில் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? முதல் நாளே போலீஸார் அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். மூன்று தேசங்களில் நாற்பது குற்றங்கள் என்றதால் அபத்தம் பிறகாவது வெளிப்பட்டிருக்கும். நாற்பதுக்குப் பதில் ஒரே ஒரு குற்றமாயிருந்தால்? அன்று இரவு அவள் தன் வீட்டில் தனியே உறங்கியிருந்தால்? "நான் அங்கே போகவில்லை" என்பதைத் தவிர அவளிடம் வேறு சாட்சி ஏது? விஞ்ஞானம் பொய் சொல்லாது என்று நியாயாதிபதி அவளுக்குச் சொல்லியிருப்பார். விஞ்ஞானம் பொய் சொல்லாதிருக்கலாம். அதைக் கையாளும் மனிதன் தவறு செய்வான். மடியில் கனமில்லாதவளுக்கும் வழியில் பயம் உண்டு என்பதை இதனால் அறிக.

ருஜுச் செய்யும் பாரம் சர்க்கார் தரப்பைச் சேர்ந்தது என்பது நீதி சாஸ்திரத்தின் அஸ்திவாரம். சந்தேகத்துக்குக் காரணம் முதலில் தோன்ற வேண்டும்; பிறகே சோதனை. கட்டாயப் பேரேடு இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. சோதனை முதலில் நடந்துவிடுகிறது. சந்தேகம் எப்பொழுது வருமோ என்று பிரஜை காத்துக்கொண்டிருக்கிறான். இயந்திரம் பெயரைச் சொன்னபின், தான் அங்கே இல்லை என்பதை ருஜுச் செய்யும் பாரம் அவன் தலையில் விழுகிறது.

மூன்றாவது வாதம் நுட்பமானது, நல்லெண்ணத்திலிருந்து பிறந்தது. இங்கிலாந்து 1995-ல் தேசிய மரபணுப் பேரேட்டைத் தொடங்கிற்று. பிறகு, கைது செய்யப்பட்டவர் விடுதலையானாலும் அவருடைய குறிப்பை அழிக்கத் தேவையில்லை என்று சட்டம் செய்துகொண்டது. கறுப்பு நிறத்தவரைப் போலீஸார் அதிகமாகக் கைது செய்வதால் பேரேட்டிலும் அவர்களே தங்கள் ஜனத்தொகைக்கு மிஞ்சி நிறைந்தனர். இதைக் கண்ட மேல் நீதிமன்ற நியாயாதிபதி ஸ்டீபன் ஸெட்லி 2007-ல் ஒரு யோசனை சொன்னார்: பாரபட்சம் நீங்க வேண்டுமானால் எல்லாரையுமே பேரேட்டில் சேர்த்துவிடுவதே நியாயம் என்றார். ஏழையும் பணக்காரரும், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் நிற்கட்டும் என்பது அவருடைய கருத்து.

சமத்துவம் என்ற சொல் நம் காதுக்கு இனியது. ஆனால் பெயர்ப் பதிவில் சமத்துவம் வந்துவிட்டால் நடத்துவதிலும் சமத்துவம் வந்துவிடுமா? பேரேடு பேசாத பொருள். அதைத் திறக்கிறவன் போலீஸ்காரன். எந்தச் சேரியில் கிடைக்கும் சிகரெட்டுத் துண்டைப் பொறுக்குவது, எந்த மாளிகையில் பொறுக்காமல் விடுவது என்று தீர்மானிப்பவனும் அவனே. எல்லாருடைய பெயரும் ஏட்டில் இருக்கும். தட்டப்படும் கதவு மட்டும் பழைய கதவாகவே இருக்கும். ஒரு சாராருக்கு இழைக்கும் அநீதியை அனைவருக்கும் பொதுவாக்குவது அநீதியை நீக்கும் வழியன்று. குற்றமற்றவரைப் பேரேட்டிலிருந்து நீக்குவதே அதற்கு வழி.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்த வழியையே காட்டிற்று. பதினொரு வயதில் கைதாகி விடுதலையான ஒரு சிறுவனும், வழக்கே நடவாமல் விடுவிக்கப்பட்ட மார்ப்பர் என்பவரும் தொடுத்த வழக்கில், 2008 டிசம்பர் 4-ஆம் தேதி பதினேழு நியாயாதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர்: குற்றவாளியென்று தீர்மானிக்கப்படாதவரின் மரபணுவைக் கால வரம்பின்றி வைத்திருப்பது அவருடைய அந்தரங்க வாழ்வின் உரிமைக்கு விரோதம் என்று. அதன் பயனாக 2012-ல் புதுச் சட்டம் பிறந்தது. நிரபராதிகளுடையவும் சிறுவர்களுடையவுமான 17 லட்சத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் அழிக்கப்பட்டன. அதனால் இங்கிலாந்தில் கொலைகாரர்கள் கொடிகட்டிப் பறக்கவில்லை. தலைக்கணக்கு பெருகுவதால் மட்டும் துப்புத் துலங்குவதில்லை; குற்றத் தலத்தைத் திறமையாக ஆராய்வதே பிரதானம்.

இன்னுமொரு விஷயம். "குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே உபயோகிப்போம்" என்று சர்க்கார் வாக்களிக்கலாம். அவ்வாக்குறுதியின் ஆயுள் எவ்வளவு? ஸ்வீடன் தேசத்தில் 1975 முதல் பிறந்த குழந்தைகளின் ரத்தத் துளிகளைச் சேமித்து வருகிறார்கள். பிறவி நோய்களைக் கண்டு சிகிச்சை செய்வதே அதன் நோக்கம். தாய்மார்கள் அந்த நம்பிக்கையில் கொடுத்தார்கள். 2003 செப்டம்பரில் அந்நாட்டு அயல்நாட்டு மந்திரி அன்னா லிண்ட் அம்மையார் கடையொன்றில் கத்தியால் குத்துண்டு மாண்டார். சந்தேகிக்கப்பட்டவனை நிச்சயம் செய்துகொள்ளப் போலீஸார் அவன் குழந்தையாயிருந்தபோது எடுத்த துளியைக் கேட்டு வாங்கினர். அவன் குற்றவாளியே, தண்டனை நியாயமானதே. ஆனால் வைத்தியசாலையின் அலமாரி ஒரே நாளில் போலீஸ் ஸ்டேஷனின் அலமாரியாக மாறிற்று. உத்தமமான காரணத்துக்காகவே முதல் முறை வாக்கு மீறப்படும். இரண்டாம் முறை அவ்வளவு உத்தமமான காரணம் வேண்டியிராது.

மரபணு ஒருவனுக்கு மட்டும் சொந்தமான பொருளுமன்று. விரல் ரேகை அவனோடு நிற்கும். மரபணுவோ அவன் தந்தையையும் தாயையும் உடன்பிறந்தாரையும் இன்னும் பிறவாத மக்களையும் பற்றிப் பேசும். குவெய்த்தில் எழுந்த அச்சமும் இதைப் பற்றியதே. அந்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் 'பிதூன்' என்ற பெயரால் குடியுரிமை இல்லாமலே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். யார் குடிமகன், யார் அல்லன், எந்தக் குடும்பத்துக் குழந்தை யாருடையது என்பதையெல்லாம் இந்தப் பேரேட்டைக் கொண்டு சர்க்கார் தீர்மானிக்கப் புறப்படுமோ என்று ஜனங்கள் நடுங்கினார்கள். வெடிகுண்டுக்காரனைப் பிடிக்கச் செய்த வலை குடும்பத்தின் மானத்தையும் குடியின் உரிமையையும் வாரிக்கொண்டு போகக் கூடியதாயிற்று.

களவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தங்கள் பரம்பரையை அறியும் ஆசையால் லட்சக்கணக்கானோர் தாமே பணம் கொடுத்து மரபணு மாதிரி அனுப்பிய ஒரு கம்பெனியின் கணக்குகளுக்குள் 2023-ல் திருடர்கள் புகுந்து, சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்களைக் கொண்டு போயினர். பூட்டுத் திருட்டுப் போனால் வேறு பூட்டு வாங்கலாம். ரகசியச் சொல் வெளியானால் மாற்றிக்கொள்ளலாம். பிறப்பால் வந்த மரபணுவை மாற்றிக்கொள்ள எந்தக் கடைக்குப் போவது?

குவெய்த் சட்டத்தின் கதி என்னவாயிற்று? 2016 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கமிட்டி அதைக் கண்டித்தது. அந்நாட்டு வக்கீல்களே வழக்குத் தொடுத்தனர். 2016 அக்டோபரில் அமீர் அவர்களே சட்டத்தைத் திருத்தும்படி மந்திரி சபைக்குச் சொல்ல நேர்ந்தது. 2017 அக்டோபர் 5-ஆம் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம், தனிமனித சுதந்திரத்துக்கு விரோதமென்று சட்டத்தையே ரத்து செய்தது. மன்னராட்சி நடக்கும் நாட்டிலேயே நிற்க முடியாத சட்டம் ஜனநாயக நாட்டில் நிற்க வேண்டுமென்று வாதிப்பவரை என்னென்பது!

நமக்கோ இவ்விஷயத்தில் பாடம் கற்க அயல்நாட்டுக் கோர்ட்டுகளிடம் போக வேண்டியதில்லை. நம்மவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னமே இதைக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் சர்க்கார் 1906-ல் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்து, விரல் ரேகைகளை வைத்து, அத்தாட்சிச் சீட்டுப் பெற வேண்டும். போலீஸ்காரன் கேட்ட இடத்தில் கேட்ட வேளையில் காட்ட வேண்டும். பத்து விரல்களின் ரேகையையும் சட்டப்படி வாங்குவது குற்றவாளிகளிடம் மட்டுமே என்று போலீஸ் அதிகாரி ஹென்றி எழுதிய புஸ்தகத்தில் காந்தியடிகள் படித்தறிந்தார். செப்டம்பர் 11-ஆம் தேதி ஜொஹான்னஸ்பர்க் எம்பயர் நாடகக் கொட்டகையில் கூடிய இந்தியர் அச்சட்டத்துக்குப் பணிவதில்லை என்று சத்தியம் செய்தனர். சத்தியாக்கிரகம் பிறந்த நாள் அது. உடலின் அடையாளத்தைச் சர்க்கார் பலவந்தமாகப் பதிவதை எதிர்த்தே அது பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

இன்னும் நுட்பமானது பிறகு நடந்தது. 1908 ஜனவரியில் காந்தியடிகளும், மொரீஷியஸில் பிறந்த தமிழர் தம்பி நாயுடுவும், சீனர் தலைவர் லியுங் குவினும் சிறையிலிருந்தபடியே கையெழுத்திட்டு ஒரு சமாதான ஏற்பாட்டுக்கு இணங்கினர். இந்தியர் தாமாகப் பதிந்துகொள்வது என்று முடிவாயிற்று. காந்தியடிகள் தாமே சென்று விரல் ரேகை கொடுத்தார். அதற்காகத் தம்மவர் ஒருவர் கையாலேயே அடியும் பட்டார். மையில் விரல் தோய்ப்பதை அவர் பாவமென்று எண்ணவில்லை. ஒரு ஜன சமூகம் முழுவதையும் குற்றவாளிக் கூட்டமாகக் கருதிக் கட்டாயப்படுத்துவதையே எதிர்த்தார். சுதந்திர மனிதன் சம்மதித்துக் கொடுப்பதற்கும், அடிமையிடம் பிடுங்குவதற்கும் உள்ள வேற்றுமை அது. கட்டாயச் சட்டத்தை ரத்து செய்வதாகச் சொன்ன வாக்கைச் சர்க்கார் காப்பாற்றவில்லை என்று கண்டதும், ஆகஸ்டு 16-ஆம் தேதி ஹமீதியா மசூதியின் முன்னால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைத் தீயிலிட்டனர்.

நம் மதுரைச் சீமையிலும் இப்பாடம் ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், பிறந்த ஜாதியையே காரணமாக வைத்து ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டனர். பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். பிறப்பினாலேயே சந்தேகத்துக்குரியவன் என்று எழுதிவைக்கும் ஏடு எங்கே போய் முடியும் என்பதை அவ்வூரார் அறிவார்கள்.

இன்று நம் தேசத்தில் எல்லாரையும் கட்டாயப்படுத்தும் மரபணுச் சட்டம் இல்லை. மரபணுப் பேரேடு அமைக்க 2019-ல் லோக சபையில் கொண்டுவந்த மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதனால் நாம் உறங்கிவிடலாகாது. 1920-ஆம் வருஷத்துக் கைதிகள் அடையாளச் சட்டத்தை நீக்கிவிட்டு 2022-ல் பார்லிமெண்டு செய்த சட்டம், விரல் ரேகையோடு கண்மணியின் அடையாளத்தையும் உடலின் மாதிரிகளையும் அவற்றின் ஆராய்ச்சி முடிவையும் சேர்த்துக்கொள்கிறது. தண்டிக்கப்பட்டவரோடு அது நிற்கவில்லை. கைதானவர் வரைக்கும் நீள்கிறது. குறிப்புகளை 75 வருஷம் வைத்திருக்கலாம். முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால் அழிக்க வேண்டுமென்று சட்டம் சொல்லுகிறது. ஆனால் காரணங்களை எழுதி வேறு விதமாக உத்தரவிட நியாயாதிபதிக்கு இடமும் வைத்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நியாயாதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்த தேசம் இது. தீர்ப்பு ஏட்டில் இருந்தால் போதாது. ஜனங்களின் நெஞ்சில் இருக்க வேண்டும்.

நாம் கேட்பது இவ்வளவே. கொடிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருடைய மரபணுக் குறிப்பு மட்டும் பேரேட்டில் இருக்கட்டும். விடுதலையானவருடையது, அவர் மனுப் போட்டுக் கெஞ்சாமலே, தானாக அழிக்கப்படட்டும். அடையாளத்துக்கு வேண்டியது சில இலக்கங்களே. அவற்றைக் குறித்துக்கொண்டபின், ஒருவனுடைய நோயையும் குலத்தையும் உரைக்கவல்ல மாதிரியை அழித்துவிட வேண்டும். பேரேட்டைக் காப்பவர் போலீஸாருக்குக் கட்டுப்படாதவராயிருக்க வேண்டும். குற்றஞ் சாட்டப்பட்ட ஏழைக்கும் தன் தரப்பில் மறு பரிசோதனை செய்துகொள்ளச் சர்க்கார் செலவில் வசதி வேண்டும். காணாமற்போனவரைத் தேடும் குடும்பத்தாரும் விபத்தில் மாண்டவரின் உறவினரும் மனமுவந்து தரும் மாதிரி, அதற்கே பயன்படட்டும், வேறெதற்கும் அன்று.

இவை போதாவென்று, தேச முழுவதையும் பதிய வேண்டுமென்று எவரேனும் நாளை கேட்கக் கூடும். பெரும்பாலும் ஏதேனும் ஒரு கோர சம்பவம் நடந்த மறுவாரத்திலேயே கேட்பார்கள். நம் கண்ணில் நீர் வற்றுமுன் கேட்பார்கள். அவ்வேளையில் குவெய்த்தை நினைவூட்டுவது பத்திரிகைகளின் கடமை. மேடையில் பேசுவோரின் கடமை. சட்டசபைக்குச் செல்வோரின் கடமை. சர்க்கார் ஜனங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியது ஜனநாயகம். ஜனங்கள் தங்கள் உடலைச் சர்க்காருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதாகி விட்டால், அதன் பெயர் வேறு.